கடற்கரையில் தங்கிப் படிக்கும் உயிரியல்: பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் களப்பயிற்சி

கடற்கரைச் சூழலியல் தங்கல் முகாம் என்பது, உயிரியல் பயிலும் மாணவர்கள் கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு மூன்று நாள்களாவது தங்கி, அங்கு வாழும் உயிரினங்களையும் அவற்றின் வாழிடத்தையும் தாங்களே அளந்து, எண்ணி, பதிவு செய்து படிக்கும் களப்பயிற்சி ஆகும். காலையில் பேருந்தில் சென்று மாலையில் திரும்பும் கல்விச் சுற்றுலாவும் இதுவும் ஒன்றல்ல. சுற்றுலாவில் மாணவர் கடற்கரையைப் பார்க்கிறார். முகாமில் அதே இடத்தை வெவ்வேறு நேரங்களில் மீண்டும் மீண்டும் பார்த்து, என்ன மாறியது என்று கணக்கு எடுக்கிறார்.

கடலூர் மாவட்டத்தில் கீரப்பாளையம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வட்டாரங்கள் நெல் விளையும் பகுதிகள். இங்குள்ள மாணவர்களுக்குக் கடல் தொலைவில் இல்லை. கீரப்பாளையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் பரங்கிப்பேட்டைக் கழிமுகமும் பிச்சாவரம் அலையாத்திக் காடும் உள்ளன. ஆயினும் கடல் உயிரிகளைப் பெரும்பாலான மாணவர்கள் பாடநூல் படத்திலோ, ஆய்வகத்தில் ஃபார்மலின் ஊற்றிய கண்ணாடிக் குடுவையிலோதான் பார்த்திருப்பார்கள். இக்கட்டுரை தங்கிப் படிப்பதன் தேவை, இவ்வட்டாரத்தில் செய்யக்கூடிய ஆய்வுகள், கவனிக்க வேண்டிய சட்டம், பாதுகாப்பு ஆகியவற்றை விளக்குகிறது.

ஏன் தங்க வேண்டும்?

இதற்கான விடை கடலின் ஓதத்தில் உள்ளது. நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் கடல் மட்டத்தை ஏற்றி இறக்குகின்றன. தமிழகத்தின் கிழக்குக் கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். எனவே இன்று காலை 6 மணிக்கு வற்றம் என்றால், நாளை ஏறத்தாழ 6.50க்கு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓத வேறுபாடு மிகுதியாகவும், அட்டமி நாள்களை ஒட்டிக் குறைவாகவும் இருக்கும். முகாமுக்கு நாள் குறிக்கும் ஆசிரியர் பள்ளி நாள்காட்டியோடு பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஓத வேறுபாடு இடத்திற்கு இடம் மாறும். குசராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரைத் தாண்டும். பரங்கிப்பேட்டைப் பகுதியில் பெரிய ஓத நாள்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் சரிவு குறைந்த சேற்றுக் கரையில் இந்த ஒரு மீட்டரே பரந்த நிலத்தை மூடவும் திறக்கவும் போதுமானது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கையை மட்டும் பெரிதாக வைத்து ஆட்டும் பிடில் நண்டுகள் சேற்றுக்கரையில் வளை தோண்டி வாழ்பவை. நீர் வற்றியதும் வெளியே வந்து மேயும். நீர் ஏறும்போது வளைக்குள் சென்று வாயிலைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். காலை 11 மணிக்குப் பேருந்தில் வந்திறங்கும் மாணவர் குழு, அது ஏற்ற நேரமாக இருந்தால், நீரை மட்டுமே காணும். 'நண்டுகள் இல்லை' என்று பதிவேட்டில் எழுதினால் அது பிழை. நண்டுகள் அங்கேயே, வளைக்குள் இருந்தன. கடற்கரையின் பெரும்பாலான உயிரினங்கள் பள்ளி மணியைப் பார்த்து வாழ்வதில்லை. ஓதத்தையும் இருளையும் பார்த்தே வாழ்கின்றன. ஒரு முழு ஓதச் சுற்றையும் ஓர் இரவையும் உள்ளடக்காத களப்பணி, எவ்வளவு கவனமாகச் செய்தாலும், தவறான முடிவைத் தரக்கூடும். தங்குவதற்கான முதன்மைக் காரணம் இதுவே.

களப்பயிற்சியின் வரலாறு

கடலருகே தங்கி ஆய்வு செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. செருமானிய விலங்கியலாளர் அன்டன் டோர்ன் 1872இல் இத்தாலியின் நேப்பிள்சு நகரில் விலங்கியல் நிலையத்தை நிறுவினார். பல நாட்டு ஆய்வாளர்கள் அங்கு சென்று தங்கிப் பணியாற்றினர். 1873இல் லூயி அகாசி அமெரிக்காவின் மாசசூசெட்சு கடற்கரையை ஒட்டிய பெனிகீசு தீவில் கோடைக்காலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களுள் பலர் பள்ளி ஆசிரியர்கள், பெண்களும் இருந்தனர். ஆசிரியர் தாமே கடற்கரையில் கற்றால்தான் மாணவருக்குக் கற்பிக்க முடியும் என்ற எண்ணம் அப்பள்ளிக்கு அடிப்படை. அது இரண்டு கோடைகளே நடந்தது. ஆனால் அதே மாநிலத்தில் 1888இல் தொடங்கிய வுட்சு ஹோல் கடல் உயிரியல் ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. பிரித்தானியாவில் 1943இல் தொடங்கிய களக்கல்வி அமைப்பு, பள்ளி மாணவர்கள் தங்கிப் படிக்கும் மையங்களை நாடெங்கும் அமைத்தது.

தமிழகத்தில் இதற்கு முன்னோடியான இடம் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் கடல் உயிரியல் நிலையம் அங்கு இருந்தது. அத்தீவின் கரையோர விலங்குகளைப் பற்றிய விரிவான நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது. பல கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் குருசடைக்குச் சென்று படித்தனர். பாடநூலில் வரும் பலனோகிளாசசு போன்ற அரைநாணிகளை உயிருடன் காணக்கூடிய இடமாக அது பெயர் பெற்றது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. குருசடையும் அவற்றுள் ஒன்று. எனவே இன்று அங்கு செல்ல வனத்துறையின் அனுமதி தேவை.

சிதம்பரம் பகுதியில் இப்பணியின் மையம் பரங்கிப்பேட்டை. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை 1950களில் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஒரு கடல் உயிரியல் நிலையத்தை உருவாக்கியது. பேராசிரியர் ஆர். வி. சேசய்யா இதற்கு வழிகாட்டியவர். 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு இதனை உயராய்வு மையமாக ஏற்றது. கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் என இன்று அறியப்படும் இந்நிறுவனத்தில் கடல் உயிரிகளின் அருங்காட்சியகமும் உள்ளது. களத்தில் பார்த்த உயிரியின் பெயரை உறுதி செய்ய இத்தகைய அருங்காட்சியகம் பேருதவி.

மூன்று வாழிடங்கள்

வெள்ளாறு சேர்வராயன் மலைப் பகுதியில் தோன்றி, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக வந்து பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. அதற்குத் தெற்கே கொள்ளிடம் கலக்கிறது. இரண்டுக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. ஆகவே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று வேறுபட்ட வாழிடங்கள் கிடைக்கின்றன.

மணற்கரை: மேட்டில் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே பேய் நண்டுகளின் வளைகள். அலை வந்து திரும்பும் ஈர மணலில் எமெரிட்டா என்னும் சிறு நண்டினமும் சிறு மட்டிகளும் அலையோடு மேலும் கீழும் நகரும். சங்க இலக்கியம் 'அலவன்' என்று குறிப்பிடும் நண்டு நெய்தல் பாடல்களில் வரும் கருப்பொருள்.

கழிமுகம்: ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம். உப்பின் அளவு மணிக்கு மணி மாறும். இங்கு வாழும் உயிரினம் இரண்டு வகை நீரையும் தாங்கியாக வேண்டும்.

அலையாத்திக் காடு: பிச்சாவரத்தில் அவிசென்னியா எனப்படும் வெண்கண்டல், ரைசோபோரா எனப்படும் சுரபுன்னை, தில்லை முதலிய மரங்கள் உள்ளன. வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஆணிகளைப் போல மேல்நோக்கி நிற்கும். சுரபுன்னையின் முட்டு வேர்கள் மரத்தைத் தாங்கும். அதன் விதை தாய் மரத்திலேயே முளைத்துப் பின்னர் விழும். தில்லை, சிதம்பரத்தின் பழம்பெயருக்குக் காரணமான மரம்; நடராசர் கோயிலின் தல மரமும் அதுவே. பிச்சாவரம் 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இயற்கையான பாறைக்கரை இப்பகுதியில் இல்லை. கருங்கல் கொட்டிய கரைத்தடுப்புகளும் பாலத் தூண்களும் அக்குறையை ஓரளவு நிறைவு செய்கின்றன. அவற்றில் கொட்டலசும் சிப்பியும் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும்.

முகாமில் செய்யக்கூடிய ஐந்து ஆய்வுகள்

கீழ்க்காணும் ஆய்வுகளுக்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. கயிறு, அளவு நாடா, அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம், வெப்பமானி, கைக்கடக்கமான உவர்ப்புமானி, பென்சில், கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு ஆகியவை போதும். பேனா மை நீர் பட்டால் கரையும். எனவே பென்சிலே சிறந்தது.

1. மணற்கரைக் குறுக்குக்கோடு

அடும்பு வளரும் மேட்டிலிருந்து நீர் விளிம்பு வரை கயிறு ஒன்றை நேராகக் கட்ட வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒரு முறை சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை வளைகள், எத்தனை உயிரிகள் என்று எண்ண வேண்டும். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டு கொத்தனார் மட்டம் பார்ப்பதைப் போல, ஒவ்வொரு புள்ளியின் உயர வேறுபாட்டையும் அளக்கலாம். வரைபடத் தாளில் கரையின் சரிவை வரைந்து, அதன் மேல் உயிரிகளின் எண்ணிக்கையைக் குறித்தால், எந்த உயிரி எந்த மட்டத்தில் வாழ்கிறது என்பது தெரியும்.

இந்த வரிசை அமைப்பு எதனால் ஏற்படுகிறது? சோசப் கானல் என்னும் ஆய்வாளர் ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் இரண்டு வகைக் கொட்டலசுகளை ஆராய்ந்து 1961இல் முடிவுகளை வெளியிட்டார. மேல் மட்டத்தில் வாழும் வகை கீழ் மட்டத்திலும் வாழக்கூடியதே. ஆனால் வேகமாக வளரும் மற்றொரு வகை அதை நெருக்கி அகற்றிவிடுகிறது. கீழே வாழும் வகையோ மேல் மட்டத்தின் வறட்சியைத் தாங்குவதில்லை. அதாவது மேல் எல்லையைப் பெரும்பாலும் வறட்சியும் வெப்பமும், கீழ் எல்லையைப் பெரும்பாலும் பிற உயிரிகளின் போட்டியும் வகுக்கின்றன. பாலத் தூணில் தெரியும் பட்டைகளை இந்தக் கேள்வியோடு பார்க்கும் மாணவர் வெறும் பெயர்ப்பட்டியல் எழுதுவதோடு நிற்க மாட்டார்.

2. பன்னிரண்டு மணி நேர உவர்ப்புக் கணக்கு

கழிமுகத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மணிக்கு ஒரு முறை நீரின் உயரம், வெப்பம், மேற்பரப்பின் உவர்ப்பு, அடிநீரின் உவர்ப்பு ஆகியவற்றை அளக்க வேண்டும். ஓர் ஓதச் சுற்றுக்கு 13 அளவீடுகள் கிடைக்கும். திறந்த பெருங்கடலில் ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் மிகக் குறைவு. உப்பு நீர் எடை கூடியது என்பதால் ஏற்றத்தின்போது அடியில் நுழையும். நன்னீர் மேலே மிதந்து வெளியேறும். மேற்பரப்பை மட்டும் அளந்தவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. மாணவர்கள் முறை வைத்து இரண்டிரண்டு பேராக, பெரியவர் ஒருவர் உடனிருக்க, இதைச் செய்யலாம்.

3. குறியிட்டு மீண்டும் பிடித்தல்

ஒரு சேற்றுத் திட்டில் மொத்தம் எத்தனை நத்தைகள் உள்ளன என்பதை ஒவ்வொன்றாக எண்ணாமல் கணிக்கும் முறை இது. முதல் நாள் வற்றத்தில் 60 நத்தைகளைப் பிடித்து, ஓட்டில் நகப்பூச்சால் சிறு புள்ளி வைத்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மறுநாள் வற்றத்தில் அதே திட்டில் 50 நத்தைகளைப் பிடித்ததாகவும், அவற்றுள் 12இல் புள்ளி இருந்ததாகவும் கொள்வோம். அப்படியானால் மொத்த எண்ணிக்கை 60 × 50 ÷ 12 = 250 எனக் கணிக்கலாம்.

குறியிட்ட நத்தைகள் மற்றவற்றோடு நன்கு கலந்தன, புள்ளி அழியவில்லை, குறியினால் அவை பறவைக்கு எளிதில் இரையாகவில்லை, வெளியிலிருந்து புதியவை வரவில்லை என்பவை இக்கணக்கின் அடிப்படைகள். எனவே புள்ளி சிறியதாகவும் எளிதில் கண்ணில் படாததாகவும் இருக்க வேண்டும். ஒரே நாளில் திரும்பும் குழுவால் இந்த ஆய்வைச் செய்யவே முடியாது. உயிரிகள் கலப்பதற்குக் காலம் வேண்டும்.

4. இரவுப் பார்வை

பேய் நண்டுகள் பெரும்பாலும் இரவில் இரை தேடுபவை. பகலில் எண்ணிய வளைகளையும், இரவில் விளக்கு வெளிச்சத்தில் எண்ணிய நண்டுகளையும் ஒப்பிட்டால், வளைகளின் எண்ணிக்கையும் நண்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பது புரியும். பிளாங்டன் எனப்படும் மிதவை உயிரிகளில் பல பகலில் ஆழத்துக்குச் சென்று இரவில் மேற்பரப்புக்கு வருகின்றன. படகுத்துறையிலிருந்து ஒரே வலையை நண்பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் ஒரே கால அளவுக்கு இழுத்து, கிடைத்ததை நுண்ணோக்கியில் ஒப்பிடலாம்.

சனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். அதைக் காண நேர்ந்தால் விளக்கை அணைத்து, விலகி நிற்க வேண்டும். ஒளி ஆமையைக் கலைத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

5. அலையாத்திச் சேறு

நீரோடையின் ஓரத்திலும், அங்கிருந்து பத்து, இருபது மீட்டர் உள்ளேயும் சேற்றின் உவர்ப்பு, வேர்களின் எண்ணிக்கை, நாற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எடுக்கலாம். இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பிச்சாவரத்தில் முன்பு காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, தாழ்ந்து, ஏற்றத்தில் வந்த நீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்தது. அதனால் புதிய நாற்றுகள் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களுடன் சேர்ந்து மீன் முள் வடிவில் கால்வாய்களை வெட்டின. ஓத நீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. நட்ட நாற்றுகள் பிழைத்தன. உப்பை அளந்து பார்த்ததால் கிடைத்த தீர்வு இது.

எண்ணும் வாதமும்

அளவீடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இக்கடற்கரையே ஒரு பாடம் தருகிறது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் பரங்கிப்பேட்டைக் கடலோரச் சிற்றூர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த கே. கதிரேசனும், என். இராசேந்திரனும் 18 சிற்றூர்களின் தகவல்களைத் திரட்டி 2005இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அலையாத்திக் காடு அலையின் வேகத்தைத் தணித்து உயிர்களைக் காத்தது என்பது அவர்கள் முடிவு. 2006இல் அலெக்சாண்டர் கெர், ஆண்ட்ரூ பேர்டு, ஸ்டூவர்ட் கேம்பல் ஆகியோர் அதே தகவல்களை வேறு முறையில் ஆராய்ந்தனர். ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில், கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே இழப்பின் வேறுபாட்டைப் பெரிதும் விளக்குகிறது என்றும், காட்டுக்குப் பின்னால் உள்ள ஊர்கள் பொதுவாக உயரமாகவும் தொலைவாகவும் இருந்தன என்றும் அவர்கள் வாதிட்டனர்.

இதனால் அலையாத்திக் காடு பயனற்றது என்று ஆகிவிடாது. மீன், இறால் குஞ்சுகளுக்கு அது வளர்ப்பிடம், கரை அரிப்பைத் தடுப்பது, கரிமத்தைச் சேமிப்பது. மாணவர் அறிய வேண்டியது வேறொன்று. இரண்டு காரணங்கள் சேர்ந்தே வரும்போது எது விளைவைத் தந்தது என்று பிரித்தறிவது கடினம். அதற்கு உயரம், தொலைவு போன்றவற்றையும் அளந்திருக்க வேண்டும். மணற்கரையில் குழாய் மட்டம் பிடித்து உயரத்தை அளந்த மாணவருக்கு இந்த வாதம் எளிதில் விளங்கும்.

சேகரிப்பும் சட்டமும்

முன்பு கடற்கரைக் களப்பணி என்றாலே குடுவையும் ஃபார்மலினும்தான். ஒவ்வொரு மாணவரும் நட்சத்திர மீன், கடல் அட்டை, பவளத்துண்டு என்று கொண்டுவந்து பதிவேட்டோடு ஒப்படைப்பது வழக்கமாக இருந்தது. இன்று அது பொருந்தாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001இல் கடல் அட்டைகள், கடற்குதிரைகள், பவளங்கள் உள்ளிட்ட பல கடல் உயிரிகள் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைக் குறைக்கவும் நிறுத்தவும் பல்கலைக்கழக மானியக் குழு 2011இலும் 2014இலும் அறிவுறுத்தியது.

இந்த மாற்றத்தால் களப்பணியின் தேவை கூடியுள்ளது. ஆய்வகத்தில் உயிரியைத் தொட்டறியும் வாய்ப்பு குறைந்த நிலையில், அதன் வாழிடத்தில் அதைக் காண்பதே எஞ்சியுள்ள நேரடி வழி. படம் எடுத்தல், வரைதல், அளந்துவிட்டு விடுதல் ஆகியவை போதும். புரட்டிய கல்லை முன்பிருந்தவாறே வைக்க வேண்டும். அதன் அடியில் வாழ்பவை வெயிலில் இறந்துவிடும். தோண்டிய குழியை மூட வேண்டும். பிச்சாவரத்தில் பணி செய்ய வனத்துறையின் முன் அனுமதி பெற வேண்டும்.

உள்ளூர் மக்களிடம் கற்றல்

மீனவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் தனித்தனிப் பெயரிட்டு அறிந்தவர்கள். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்பன காற்றுகள். நீரோட்டத்தை நீவாடு என்பர். பிச்சாவரம் கழிகளில் இருளர் மக்கள் நீருக்குள் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கின்றனர். எந்தச் சேற்றில், எந்த ஓதத்தில், எது கிடைக்கும் என்பது அவர்களுக்கு அன்றாட அறிவு. முகாமின் ஒரு மாலையை அவர்களிடம் கேட்டு எழுதுவதற்காக ஒதுக்கலாம். ஆனால் அது அவர்களின் உழைப்பு நேரம் என்பதை மறக்கலாகாது. முன்னதாகக் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில் சென்று, உரிய மதிப்பூதியம் தருவதே முறை.

பாதுகாப்பு

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை முகாமைத் தவிர்க்க வேண்டும். 2011இல் 'தானே' புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது திசம்பர் 30 அன்றுதான். எனவே மழை ஓய்ந்தது என்று கருதினாலும் வானிலை அறிக்கையைப் பார்த்தே புறப்பட வேண்டும். சனவரி இறுதி முதல் மார்ச்சு வரை ஏற்ற காலம்.

முகத்துவாரத்தில் நீரோட்டம் வேகமானது. முழங்கால் அளவுக்கு மேல் எவரும் இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது. சிப்பி ஓடு காலைக் கிழிக்கும் என்பதால் சேற்றில் கட்டிய காலணி தேவை. இழுது மீன் பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். அதன் கிளையை ஒடிக்கக் கூடாது. இடி மின்னலின்போது திறந்த கரையில் நிற்கக் கூடாது. காலையும் மாலையும் இரவும் தலைக்கணக்கு எடுப்பது ஆசிரியரின் பொறுப்பு.

தடைகளும் வழிகளும்

தங்கல் முகாம்கள் நடவாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. செலவு, தேர்வு நெருக்கடி, பொறுப்பேற்க ஆசிரியர் தயங்குதல் ஆகியவை பொதுவானவை. பெண் பிள்ளைகளை வெளியூரில் இரவு தங்க அனுப்பப் பெற்றோர் தயங்குவது மற்றொன்று. பல இடங்களில் இதற்குக் கண்டுபிடிக்கப்படும் எளிய வழி, மாணவர்கள் மட்டும் தங்குவதும் மாணவியர் மாலையில் திரும்புவதும் ஆகும். அப்படிச் செய்தால் இரவுக் கணக்கும், மறுநாள் வற்றத்தின் கணக்கும் மாணவியருக்குக் கிடைக்காது. அவர்கள் பிறர் எழுதியதைப் பார்த்து எழுத வேண்டியிருக்கும். ஒரே பாடத்தைப் படிக்கும் இரு பாலருக்கும் அது ஒரே கல்வி ஆகாது.

இதற்கு வழி உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன்பே பெற்றோர் கூட்டம் நடத்தி, தங்கும் கட்டடம், கழிப்பறை, உடன்வரும் ஆசிரியைகளின் பெயர், நாள்வாரித் திட்டம் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும். விரும்பும் தாய்மார் இருவரை உடன் அழைக்கலாம். சமையலுக்கும் அவர்கள் கண்காணிப்புக்கும் அது உதவும். வட்டாரத்திற்குள்ளேயே முகாம் நடந்தால் பயணச் செலவு குறையும். அவசரத்தில் பெற்றோர் வந்து சேரவும் முடியும். தொலைவிலுள்ள புகழ்பெற்ற கடற்கரையைவிட அருகிலுள்ள கழிமுகம் இவ்வகையில் சிறந்தது.

பதிவேடு எழுதுதலிலும் மாற்றம் தேவை. பாடநூல் படத்தைப் பார்த்து அழகாக வரைந்த பதிவேட்டுக்கு முழு மதிப்பெண்ணும், சேறு படிந்த களக்குறிப்பேட்டுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தந்தால், எந்த மாணவரும் களத்தில் எழுத மாட்டார். களத்தில் எழுதிய மூலக் குறிப்பையே மதிப்பிட வேண்டும். 'எதிர்பார்த்தது கிடைக்கவில்லை' என்ற பதிவும், நாளும் நேரமும் ஓத நிலையும் குறித்திருந்தால், முழு மதிப்புடைய பதிவே.

புவனகிரிப் பாலத்தில் நாள்தோறும் வெள்ளாற்றைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள் பலர். அந்த நீர் சில கிலோமீட்டர் கிழக்கே சென்று எப்படி உவர்நீராகிறது, அங்கு எவை வாழ்கின்றன, எந்த நேரத்தில் வெளியே வருகின்றன என்பதை ஒரு முறையாவது இரண்டு இரவு தங்கி அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கான கடற்கரை அவர்களுக்கு அருகிலேயே உள்ளது.